சொரணை இருக்குதாங்க பாட்டி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, கைநாட்டுத்தான். வாயில வாரதச் சொல்றேன், எழுதறவிய எழுதிக்கட்டும். ஆனா ஒண்ணு, நேராச் சொல்லு நேராச் சொல்லுன்னு என்னைய வெரட்டக் கூடாது. நேராவே போறதுக்கு நான் என்ன பாவு நூலுங்களா? ஊடை நூலு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போயிப் போயி வந்தாத்தான் துணியே ஆகும். நான் அந்த ரகம்.

சொரணைன்னு ஒரு வார்த்தை இருக்குது பாருங்க, அதுக்கு எத்தன வேலைங்கறீங்க. எருமைக்குச் சொரணை இல்லம்பாங்க, தட்டுனாலும் அசையாம நிக்கும். கூப்புடாத விசேசத்துக்குப் போயி பந்தியில உக்காந்து தின்னுட்டு வந்தா, அந்த ஆளுக்குச் சூடு சொரணை இல்லம்பாங்க. பல்லு புடுங்கறப்ப ஊசி போட்டா ஒதட்டுல சொரணை இருக்காது, தண்ணி குடிச்சா மாருல ஒழுகும். தண்ணியப் போட்டுட்டு ரோட்டோரம் கெடக்கறவனையும் சொரணை கெட்டுக் கெடக்கறான்னுதான் சொல்றோம். ஒரே வார்த்தைதான். எருமைக்கும் அதுதான், பல்லுக்கும் அதுதான், மானத்துக்கும் அதுதான். ஆரு இப்படி வெச்சாங்கன்னு தெரியல, நல்ல சிக்கனமான ஆளு.

என்ற மாமியா எனக்குச் சொரணை இல்லன்னு சொல்லாத நாளே கெடையாது. சோறு கொழஞ்சா எனக்குச் சொரணை இல்ல. எங்கம்மா ஊட்டுல இருந்து நோம்பிக்குச் சீரு கொறைச்சலா வந்தா எனக்குச் சொரணை இல்ல. நான் சிரிச்சுக்குவேன். திட்டறப்பச் சிரிச்சா அதுக்கும் அதே வார்த்தைதான். அந்த மவராசி போயி எத்தனையோ வருசமாச்சு. இப்ப மட்டும் இருந்தான்னா, "நான் அன்னிக்கே சொன்னேனல்ல"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிவா. ஏன்னு கேளுங்க, சொல்றேன்.

நான் இருக்கறது கொமாரபாளையத்துல, ஒரு லைன் ஊட்டுல. ஒரே செவுரு. அந்தப் பக்கம் தறிப்பட்டறை, இந்தப் பக்கம் நானு. அந்தப் பட்டறையிலதான் நானும் என்ற ஊட்டுக்காரரும் தறி ஓட்டுனோம். விசைத்தறிங்க, கால்ல மிதிக்கறது இல்ல. உள்ள போயிப் பாத்திருக்கறீங்களா? பாக்காதவிய ஒருக்காப் போயிப் பாருங்க, ஆனா போறதுக்கு முன்னாலயே பேச வேண்டியத வெளிய பேசிட்டுப் போயிருங்க. உள்ள போனா காதுக்குள்ள வாய வெச்சுக் கத்துனாலும் உழுகாது. அதுக்கோசரம் நாங்கெல்லாம் ஒதட்டப் பாத்தே பேசிக்குவோம். சத்தமே வராது, வாய் மட்டும் அசையும். பட்டறை அந்தக் கடைசியில நின்னுட்டு அவரு "பசிக்குது"ம்பாரு, நான் இந்தக் கடைசியில இருந்து "கொஞ்சம் பொறுங்க"ம்பேன். இன்னிக்குச் சோத்துக்கு என்ன கொழம்புங்கறதுல இருந்து எதுத்த ஊட்டுப் புள்ளைக்கு மாப்பிள்ள பாத்த கதை வரைக்கும் எல்லாம் ஒதட்டுலயேதான்.

ஊட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகல. ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்துட்டு வாய அசைச்சுட்டு இருப்போம். பக்கத்து ஊட்டுல இருந்த ஒரு அம்மா நாளெல்லாம் பாத்துட்டு, என்னையத் தனியாக் கூப்புட்டு, புருசன் பொண்டாட்டிக்குள்ள பேச்சு வார்த்தை இல்லையா, என்ன ஓரியாட்டம், நான் வேணா வந்து பேசட்டுமான்னு கேட்டுச்சு. நாங்க அப்பத்தான் அந்த அம்மாவப் பத்தியே ஒரு பேச்சுப் பேசி வவுறு வலிக்கச் சிரிச்சிருந்தோம். நான் என்னத்தச் சொல்றது, கண்ணத் தொடைச்சுட்டு வந்துட்டேன். அது அழுகறேன்னு நெனச்சுக்கிச்சு.

காது பட்டறையிலயே போயிருச்சுங்க. பக்கத்துல வந்து கத்திச் சொன்னா ஒண்ணு ரண்டு உழுகும், மத்ததெல்லாம் ஒதட்டுலதான் படிச்சுக்கோணும். எழுத்துப் படிக்கத் தெரியாட்டி என்ன, ஒதடு படிக்கத் தெரியும். அவரு போனதுக்குப் பொறவு என்ற ஒதட்டப் படிக்கறதுக்குத்தான் ஆளில்ல. பால்காரரு இருக்கறாரு, கடைக்காரரு இருக்கறாரு, சத்தமாச் சொன்னா எல்லாத்துக்கும் உழுகுது. சத்தமில்லாமச் சொன்னா புரிஞ்சுக்கற ஆளு இல்ல. சில நாளு சோறு திங்கறப்ப அவரு உக்கார்ற எடத்தப் பாத்து, "உப்பு போதுங்களா"ன்னு வாய மட்டும் அசைப்பேன். அதுக்கு மேல பேச மாட்டேன், பைத்தியம்னு நெனச்சுக்குவாங்க. ஆரு நெனைக்கறது, ஊட்டுல ஆருமில்ல. இருந்தாலும் நிறுத்திக்குவேன்.

அப்பறம் எனக்குத் தொணை என்னன்னா, தரைதான். சிரிக்காதீங்க. பட்டறை ஓடறப்ப என்ற ஊட்டுத் தரை அதிரும். வெடியால கண்ணு முழிச்சுக் கால கீழ வெச்சா உள்ளங்கால்ல குறுகுறுன்னு ஏறும். எல்லாத் தறியும் ஓடுதா, ஒண்ணு நிக்குதான்னு காலே சொல்லிரும். எங்கியோ இழை அறுந்து ஒரு தறி நின்னா, பல்லு உழுந்த வாயாட்ட அந்த எடத்துல ஒரு ஓட்டை தெரியும். காது கேக்கறவியளுக்கு அது தலைவலி. எனக்கு அது ஊட்டுக்குள்ள இன்னொரு ஆளு நடமாடறாப்புல. சோறாக்கறப்ப கூடவே நிக்கும். பாத்திரம் கழுவறப்ப காலுக்கடியில இருக்கும். பண்டிகைக்குப் பட்டறை லீவு உட்டாத்தான் எனக்கு ஊடு வெறிச்சுன்னு போயிரும்.

போன வருசம் அது நின்னு போச்சுங்க. ஒரே நாளுல இல்ல. மொதல்ல பஞ்சு மேல நிக்கறாப்புல இருந்துது. பொறவு குறுகுறுப்பு கொறைஞ்சுது. ஒரு நாளு கால வெச்சேன், ஒண்ணுமே இல்ல, கல்லாட்டக் கெடந்துது தரை. நூல் வெல ஏறிப் போச்சு, ஆர்டரு இல்ல, அங்க ஒரு பட்டறைய மூடிட்டாங்க, இங்க ஒண்ண மூடிட்டாங்கன்னு ஊரே பேசிட்டிருந்த சமயம். நான் என்ன நெனைப்பேன்? பக்கத்துப் பட்டறையும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குச் சோறே எறங்கல. பட்டறைக்காரரு சம்சாரம் நல்ல புள்ளைங்க, நோம்பி நொடின்னா பலகாரம் இல்லாம அனுப்பாது. செரி, ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லிட்டு வரலாம்னு தலைய முடிஞ்சுட்டுப் போனேன். அந்தப் புள்ள பட்டறை வாசல்ல நின்னுட்டிருந்துது. ரண்டு கையயும் புடிச்சுட்டு, மனசு உட்ராத கண்ணு, எல்லாம் மறுக்கா ஓடும்னு சொல்லி நானே அழுதுட்டேன்.

அது என்னைய ஒரு மாதிரியாப் பாத்துது. "என்னங்கம்மா ஓடும்?"ன்னு கேட்டுது.

நிமுந்து பாத்தா, அதுக்குப் பின்னால தறியெல்லாம் சாமியாடற மாதிரி ஆடிட்டிருக்குது. ஊடை நூல இழுத்துட்டு நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பறக்குது. நான் சட்டுன்னு சமாளிச்சு, உன்ற ஸ்கூட்டரு ரிப்பேருன்னு சொன்னாங்கன்னேன். ஸ்கூட்டரு வாசல்லயே நல்லாத்தான் நின்னுது. அந்தப் புள்ள சிரிச்சுட்டு என்னைய உள்ள கூட்டிட்டுப் போயி, புதுசா ரண்டு தறி வாங்கியிருக்கறதக் காட்டுச்சு. ஒரு இழை அறுந்தாக்கூட அந்தத் தறி தானா நின்னுக்குமாம், ஆளு பாக்க வேண்டியதில்லையாம். சென்சாருன்னு ஒரு சாமான் உள்ள இருக்குதாம். எனக்குப் புரியோணும்னு, "தறிக்குச் சொரணை வெச்சிருக்காங்கம்மா"ன்னு ஒதட்ட நல்லா அசைச்சுச் சொல்லுச்சு. செரி, புதுத் தறி அதிராது போலிருக்குதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஊட்டுக்கு வந்து அந்தச் செத்த தரையில நின்னுட்டு, இனி இப்படித்தான்னு மனசத் தேத்திக்கிட்டேன். கால்ல கோளாறு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. எப்படித் தோணும், காலு நல்லாத்தானே நடக்குது.

வேசகாலத்துல, நல்ல வெயில்ல, எங்க தெரு மாரியம்மன் கோயில் நோம்பி வந்துது. காவேரிக்குப் போயி தீர்த்தம் எடுத்துட்டு ஊர்வலமா வருவாங்க, பொம்பளைங்க தலையில கொடம், கால்ல செருப்பு போடக் கூடாது. கெளம்பறதுக்கே நேரமாயிப் போச்சு. திரும்பறப்ப தார் ரோடு தோசைக் கல்லாட்டக் காஞ்சு கெடக்குது. சின்னப் புள்ளைங்க எல்லாம் துள்ளித் துள்ளி நெழலுக்கு ஓடுது. எங்க வயசுப் பொம்பளைங்க நடக்க மாட்டாம, "தாயே தாயே"ன்னு குதிகாலத் தூக்கித் தூக்கி வெக்கறாங்க. நான் மட்டும் நடு ரோட்டுல, கொடம் அலுங்காம, சாவடிக் காத்து வாங்கறவளாட்ட நடந்து வாரேன்.

மொதல்ல ஒருத்தி பாத்தா. அப்பறம் நாலு பேரு பாத்தாங்க. "அம்மா மேல ஆத்தா எறங்கியிருக்கறா"ன்னு ஒருத்தி சொன்னத ஒதட்டுல படிச்சேன். அவ்வளவுதான், மேளக்காரரு எனக்கு முன்னால வந்து அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. வழி முச்சூடும் கால்ல உழுந்தாங்க. ஒருத்தி வேப்பெலையக் கொண்டாந்து கையில குடுத்தா. ஒரு பொம்பள, மவளுக்குக் கொழந்தை இல்லைன்னு அழுதுட்டே கால்ல உழுந்துது. நானும் தலையில கைய வெச்சு, வருசம் திரும்பறதுக்குள்ள தொட்டில் கட்டுவீன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லலைங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நெசமாவே ஆத்தா வந்திருப்பாளோன்னு. எத்தன வருசமா ஊட்டுக்குள்ள ஒத்தையில கெடக்கறவ, ஒரே நாளுல ஊரே கைய எடுத்துக் கும்புடுது. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல.

என்ற மவ சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கறா, அவ ஒருத்திதான் எனக்கு. நோம்பிக்கு மாப்பிள்ளையோட வந்திருந்தா. கோயில் வாசல்ல தீர்த்தம் கொண்டாறவிய காலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தறது மொறை. என்ற காலுக்கு அவதான் ஊத்துனா. ஊத்திட்டுக் கையில தேச்சா. தேச்சவ அப்படியே நின்னுட்டா. உள்ளங்கால் தோலு அவ கையோட வந்துருச்சு. ஒரு காலுல பெருசா கொப்புளம், இன்னொரு காலுல கொப்புளம் ஒடைஞ்சே போயிருந்துது. சுத்தி இருந்தவிய இன்னும் கும்புட்டுட்டுத்தான் இருந்தாங்க. எம் மவ மூஞ்சி மட்டும் வெளுத்துப் போச்சு.

சேலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க எல்லாரும் வாய மூடித் துணி கட்டியிருக்காங்க. எனக்குக் கண்ணக் கட்டி உட்டாப்புல ஆயிருச்சு, ஒருத்தரு ஒதடும் தெரியல. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நர்சு புள்ள, என்ற கால மடியில வெச்சுட்டு என்னென்னமோ கேக்குது. நான் முழிக்கறதப் பாத்துட்டுக் காதுகிட்ட வந்து கத்துச்சு. அதுல ஒரே ஒரு வார்த்தை எனக்குத் தெளிவா உழுந்துது.

"சொரணை இருக்குதாங்க பாட்டி?"

எனக்கு வந்துது பாருங்க கோவம். மாமியா கேட்டா, கேக்கறதுக்கு ஒரு மொறை இருக்குது. மொதல் மொதல்லப் பாக்கற புள்ள, அதும் ஊசி போட வந்த புள்ள, நாலு பேரு மத்தியில இப்படிக் கேக்கலாமா? எனக்கு நெறையவே இருக்குது, உனக்கு இருக்குதா தாயின்னு கேட்டுப் போட்டேன். அது எழுந்து போயி டாக்டரக் கூட்டிட்டு வந்துருச்சு. சீட்டுல அது என்ன எழுதுச்சோ, சொரணை இருக்குதுன்னு பாட்டியே சொன்னாங்கன்னுதான் எழுதியிருக்கும்.

டாக்டரு சின்ன வயசு, நல்ல பையன். வாயில கட்டியிருந்த துணிய எறக்கி உட்டுட்டு, என்ற மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனாரு. ஒரு நூலக் காட்டுனாரு, மீன் புடிக்கற நரம்பாட்ட இருந்துது. கண்ண மூடிக்கோணுமாம். இத வெச்சுக் கால்ல தொடுவாராம், தொடறப்பத் தொடறப்ப சொல்லோணுமாம். நூலு சமாச்சாரம்னா நமக்கு வெளையாட்டுத்தானேன்னு கண்ண இறுக்கி மூடிட்டு உக்காந்தேன். உக்காந்தேன், உக்காந்தே இருந்தேன். கழுத்து வலிச்சுது. டாக்டரு வேற ஆளப் பாக்கப் போயிட்டாரு போலன்னு கண்ணத் தொறந்தா, எதுக்காலயேதான் நிக்கறாரு.

"எப்பங்க சாமி ஆரம்பிப்பீங்க?"ன்னேன்.

அவரு எம் மவளப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்து மெதுவா வாய அசைச்சாரு. "முடிஞ்சுதுங்கம்மா."

சக்கரையாம். எனக்கு எத்தன நாளா இருக்குதோ ஆரு கண்டா. அது கால்ல இருக்கற நரம்பத் தின்னுருச்சாம். தோலு இருக்குது, சதை இருக்குது, சொரணை மட்டும் போயிருச்சு. இனி முள்ளு குத்துனாலும் தெரியாது, நெருப்ப மிதிச்சாலும் தெரியாது. தெரியாமப் புண்ணாயி, புண்ணு பெருசானா கால எடுக்கற மாதிரி கூட வந்துருமாம். என்ற தரை அங்கதான் போச்சுன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. பட்டறை மேல தப்பில்ல. நான் பேசாம உக்காந்து எம் மவ அன்னிக்குத்தான் பாத்தா, அதுக்கே அவ அழுதுட்டா.

அங்க இருந்து நேரா ஃபேர்லேண்ட்ஸ். மூணாவது மாடி, லிப்டுல போகோணும். ஊடு கண்ணாடியாட்ட இருக்கும். பேத்தி வெளியூருல காலேசு, மவளும் மாப்பிள்ளையும் வெடியால வேலைக்குப் போனா பொழுதோடதான் வருவாங்க. மாப்பிள்ள தங்கமானவருங்க, ரோட்டுல ஆராச்சும் குறுக்க வந்தா மட்டும், "சென்ஸே இல்ல, சென்ஸே இல்ல"ன்னு ஸ்டேரிங்குல அடிப்பாரு. அது என்னன்னு பேத்திகிட்ட ஒருக்காக் கேட்டேன். புத்திக்கும் அதுதானாம், தொட்டாத் தெரியற ஒணக்கைக்கும் அதுதானாம், அர்த்தத்துக்கும் அதுதானாம். அட, வெள்ளக்காரனும் நம்மளாட்டச் சிக்கனக்காரன்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

பகல் முச்சூடும் அங்க நானும் டிவியும். டிவியில எல்லாரும் வாய அசைக்கறாங்க, ஆனா என்னையப் பாத்து ஒருத்தரும் அசைக்கல. சன்னல்ல நின்னா எதுத்த மாடியில துணி காயுது, ஆளில்ல. மவ ஒரு நாளு, கொமாரபாளையத்து ஊட்டக் காலி பண்ணிச் சாவியக் குடுத்துரலாம்மா, இனி நீ ஒத்தையில இருக்க முடியாதுன்னு சொன்னா. நான் புண்ணு ஆறட்டும் சாமின்னேன். புண்ணு ஆறுதான்னு அவ பாத்தா. ஆறவே கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டேன். அந்தச் சாவி போச்சுன்னா எனக்கு இந்த ஒலகத்துல நானாத் தொறந்து உள்ள போறதுக்குன்னு ஒரு கதவு இல்லைங்களே.

ஒரு ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஆபீசுல இருந்து நாலஞ்சு பேரு சம்சாரத்தோட வந்திருந்தாங்க. எனக்கு ஆளுகளப் பாத்ததும் தலைகால் புரியல. தீர்த்தக் கதைய ஆரம்பிச்சுட்டேன். சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டாங்க. கேக்கறவிய இருந்தா நமக்கு நிக்குமா, கட்டு அவுத்த கால டீப்பாயி மேல தூக்கி வெச்சுக் காட்டுனேன், பிஸ்கட்டுத் தட்டுக்குப் பக்கத்துலயே. வந்தவியள்ல ஒருத்தி கையில எடுத்த பிஸ்கட்டக் கீழ வெச்சுட்டா. எம் மவ மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அவிய போன பொறவு மவ பால்கனியில நின்னு போனுல பேசிட்டிருந்தா. நடுவுல கண்ணாடிக் கதவு. எனக்குக் கதவு இருந்தா என்ன, ஒதடு நல்லாத் தெரியுது. "எங்கம்மாவுக்குச் சொரணையே இல்லைங்க"ங்கறா. அப்பறம், "இனிமே வராதுங்களா?"ங்கறா. கண்ணத் தொடைச்சுக்கறா. நான் டீப்பாயப் பாத்தேன், பிஸ்கட்டப் பாத்தேன். போதும்டியம்மான்னு ஆயிருச்சு. பெத்த புள்ள, ஊரானுக்குப் போன் போட்டுச் சொல்ற அளவுக்கு வந்துருச்சு.

மறு நாளு அவிய வேலைக்குப் போனதும் ரண்டு சீலைய எடுத்துப் பையில வெச்சுட்டு, கீழ வாட்ச்மேனுகிட்ட மவ ஊட்டுச் சாவியக் குடுத்துட்டு, எங்கூட்டுக்குப் போறேன்னு மவகிட்டச் சொல்லீருங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சங்ககிரி வரைக்கும் கோவம் இருந்துது. அதுக்கு மேல சிரிப்பு வந்துருச்சு. சொரணை இல்லன்னு சொன்னதுக்குப் பொறுக்காமக் கெளம்பி வாரேனே, எனக்கு எத்தன சொரணைன்னு பாருங்க.

ஊட்டத் தொறந்து, கால் வலிக்காட்டியும் முட்டி வலிக்குதேன்னு பட்டறைப் பக்கத்துச் செவுத்துல சாஞ்சு உக்காந்தேன். முதுவுல குறுகுறுன்னுது. செவுரு அதிருதுங்க. முதுவுக்குச் சொரணை இருக்குதல்ல. நான் அப்படியே கண்ண மூடிச் சாஞ்சுக்கிட்டேன். ஒரு தறி நின்னுது, மறுக்கா ஓடுச்சு. எல்லாம் இருந்துது.

கண்ணத் தொறந்தா வாசல்ல மவ நிக்கறா. ஆபீசுல இருந்து அப்படியே கார எடுத்துட்டு வந்திருக்கறா. பட்டறைச் சத்தத்துல ஆரு பேசறதும் உழுகாது. அவ என்ன, இந்தப் பட்டறையில தொட்டில் கட்டி வளந்தவதானே. நின்ன எடத்துல இருந்தே சத்தமில்லாம வாய அசைச்சா.

"சொல்லாமக் கொள்ளாம ஏம்மா வந்த?"

"ஆருகிட்டடி சொன்ன, எனக்குச் சொரணை இல்லன்னு?"

"டாக்டருகிட்ட."

"டாக்டருகிட்டப் போயி என்ற மானத்த ஏன் வாங்கற?"

அவ ரண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டா. "காலுலம்மா. காலுல."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ சிரிக்கலாமா அழுகலாமான்னு தெரியாம நின்னா, பொறவு அவளும் சிரிச்சா. வாசல்ல அவளும் உள்ள நானுமா வாயத் தொறந்து சத்தமே இல்லாமச் சிரிச்சோம். அவிய அப்பன் போனதுக்குப் பொறவு நான் அப்படிப் பேசுனது அன்னிக்குத்தான். புள்ளைக்கு இது மறந்து போயிருக்கும்னு நெனச்சிருந்தேன், ஒரு எழுத்துக் கூட மறக்கல.

அப்பறம் உள்ள வந்து உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நான் இங்கயே இருந்துக்கலாம். ஆனா ஊட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுக்கோணும். அடுப்படியில செருப்பான்னு எனக்குச் சங்கடமாத்தான் இருந்துது, சாமி மாடத்துக்கிட்ட மட்டும் போடமாட்டேன்னு சொல்லிட்டேன். தெனமும் வெடியால மூஞ்சி தெரியற போனுல கூப்புடுவா, ரண்டு உள்ளங்காலயும் காட்டோணும். காயம் எதாச்சும் இருந்துதுன்னா, பேச்சே கெடையாது, ஊட்டப் பூட்டிட்டு ஃபேர்லேண்ட்ஸ். நான் செரின்னேன்.

அன்னீல இருந்து வெடியால எந்திரிச்சதும் அதுதான் மொத வேலை. சொம்பு மேல போனச் சாச்சு வெச்சுட்டு, பாயில படுத்துக் காலத் தூக்குவேன். எம் மவ என்ற மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி உள்ளங்காலத்தான் பாக்கறா. இன்னுங் கொஞ்சம் பக்கம், வெரலு சந்து, இந்தப் பக்கம் திருப்புன்னு சொல்லுவா. நேரமிருந்தா மூஞ்சிக்கும் வருவா. ஆபீசுக்கு நேரமாச்சுன்னா, காலு நல்லா இருக்குதும்மா, வெச்சர்றேன்னு வெச்சுருவா. அன்னிக்கு முச்சூடும் என்ற மூஞ்சிய ஆரும் பாக்க மாட்டாங்க. பரவாயில்ல, காலையாச்சும் பாத்தாளேன்னு நெனச்சுக்குவேன். அதுக்குன்னே பொழுதோட கால மஞ்சப் பூசிக் கழுவி வெச்சுக்கறேன்.

போன வாரம் ஒரு நாளு வெடியால அடுப்படித் தரையில செவப்பா ஒரு பொட்டு. குங்குமம் சிந்திருச்சுன்னு தொடைச்சேன். திரும்பினா கதவுகிட்ட ஒண்ணு. தண்ணிப் பானைகிட்ட ஒண்ணு. ஆரு ஊட்டுக்குள்ள வந்து சிந்திட்டுப் போனதுன்னு நானும் பின்னாலயே போறேன், நான் போற எடமெல்லாம் அதும் வருது. அப்பறம்தான் தெரிஞ்சுது, அது நானு. செருப்புக்கு அடியில ஒடைஞ்ச வளையல் துண்டு ஏறி, செருப்பத் தாண்டி எடது குதிகால்ல எறங்கியிருக்குது. புடுங்கிப் போட்டுத் துணிய வெச்சு அமுக்கிட்டு உக்காந்தேன். அந்நேரத்துக்குப் போன் மினுக்குது.

படுத்துட்டு வலது காலத் தூக்கிக் காட்டுனேன். அவ தலை சீவிட்டே பாக்கறா, அவசரத்துல இருக்கறா. "செரி, அடுத்த காலு"ன்னா. எனக்கு ரோசனை ஓடுச்சு. மறுக்காவும் வலது காலையே கொஞ்சம் திருப்பிக் காட்டுனா அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஊடு எனக்கு இருக்கும். இன்னிக்கு ஒரு நாளு காட்டிட்டா, நாளைக்கும் காட்டலாம். வலிக்கறது ஒண்ணுமில்லையே. அந்த வலது காலு அப்படியே மேல நின்னுட்டிருந்துது, எறங்க மாட்டேங்குது. அவ சீப்ப வெச்சுட்டுக் காத்துட்டிருந்தா.

துணிய எடுத்துட்டு எடது காலக் காட்டுனேன்.

அவ போனக் கிட்டக் கொண்டாந்து குதிகாலப் பாத்தா. பொறவு சொன்னா.

"மருந்து வெச்சுக் கட்டிக்கம்மா. நாளைக்கு வாரேன்."

"சீலையெல்லாம் எடுத்து வெக்கட்டுமா சாமி? சாவி..."

"எதுக்குச் சாவி? நான் லீவு போட்டுட்டு வாரேன். புண்ணு ஆறற வரைக்கும் அங்கயே உன்ற கூட இருக்கறேன்."

வெச்சுட்டா. நான் மருந்து வெச்சுக் காலக் கட்டிட்டு அடுப்படிக்குப் போனேன். அவளுக்கு அரிசிம்பருப்புச் சோறுன்னா உசுரு. டப்பாவத் தொறந்து பாத்தா பருப்பு அடியில கொஞ்சூண்டுதான் கெடக்குது. கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்னு பையத் தூக்கிட்டு வாசப்படி வரைக்கும் போனேன். அப்பறம் கட்டுப் போட்ட காலப் பாத்துட்டுத் திரும்பி வந்து உக்காந்துட்டேன். வாரப்ப அவளே வாங்கிட்டு வரட்டும்.